மழைக்காரியின் முடி

துர்காவுக்கு அந்த நாடகக் குழுவில் கிடைத்த முதல் வேஷம் கல். அடுத்த வருஷம் மரம். அதற்கும் அடுத்த வருஷம் ஒரு காளை மாட்டின் பின்னங்கால்கள். முன்னங்காலாக இருந்த ஹரீஷ் அவசரப்பட்டு வேகமாக நடந்துவிட, மாடு மேடை நடுவிலேயே இரண்டாகப் பிரிந்து, பின்பாதி மட்டும் தனியாக முட்டிபோட்டு நின்றது. குழந்தைகள் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி சத்தமே கேட்கவில்லை. துர்கா துணிக்குள்ளே குனிந்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள், ஆனால் அவளை யாரும் பார்க்கவில்லை. அது என்னவோ மாதிரி இருந்தது.

இந்த வருஷம்தான் அவளுக்கு முகம் தெரிகிற வேஷம். நாடகத்தின் பெயரே அவள்தான். மழைக்காரி.

கொட்டாய் நாடகக் குழு என்று பெயர். திருத்தணியில் அரையாண்டு லீவு விட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர்கள் நாடகம் போடுவார்கள். டிக்கெட் கிடையாது, குடும்பத்தோடு வரலாம், பாய் கொண்டுவந்தால் நல்லது. நடத்துகிறவர் தணிகைமணி, ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கதையும் அவரே எழுதுவார், படுதாவும் அவரே வரைவார், கோபம் வந்தால் பிரஷ்ஷையும் அவரே வீசுவார். மற்றவர்கள் எல்லாம் கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள். துர்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். ஹரீஷ் மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பத்துப் பையன். ஆனால் அவன் படித்தது கம்ப்யூட்டர்.

கதை இதுதான். ஒரு ராஜா மழையைப் பிடித்து, கேன் கேனாக அடைத்து வைத்துக்கொள்கிறான். மழையின் மகளைப் பிடித்து, அவள் முடியை இறுக்கிப் பின்னிவிடுகிறான். பின்னல் அவிழ்கிறவரை ஊரில் ஒரு சொட்டு விழாது. கடைசியில் பார்க்க வந்த குழந்தைகளில் மூன்று பேர் மேடைக்கு ஏறி அந்தப் பின்னலை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததும் மழைக்காரி முடியைச் சுழற்றிச் சுழற்றி ஆடுவாள், மேலேயிருந்து ஜிகினாத் தாள் கொட்டும், தாரை தப்பட்டையெல்லாம் சேர்ந்து அடிக்கும்.

முதல் ஒத்திகையில் டோப்பா முடியை வைத்துத்தான் பார்த்தார்கள். பின்னலைப் பிடித்து இழுத்த பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையோடு முடி மொத்தமும் வந்துவிட்டது. அக்காவின் தலை கழன்றுவிட்டது என்று அந்தக் குழந்தை ஓவென்று அழுது, அன்றைக்கு ஒத்திகையே நின்றுபோனது. அப்போது துர்கா தன் கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். இடுப்புக்குக் கீழே போய் நின்றது. தணிகைமணி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தினி நாள் இத கல்லுக்குள்ள போட்டு மூடி வச்சேனா நானு," என்றார்.

அந்த ஒரு வார்த்தை துர்காவுக்குப் போதும். அந்த வாரம் முழுக்க ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றுகொண்டே கழுத்தை வளைத்து வளைத்துப் பழகினாள். கடைக்காரர், "கழுத்து சுளுக்காம்மா?" என்று கேட்டார்.

நாடகத்துக்கு முந்தின வாரம் அவள் அப்பா கோதண்டத்துக்குக் காய்ச்சல் கண்டது.

கோதண்டம் திருவாலங்காடு பக்கம் கரும்பு வெட்டுக்கும் லோடு ஏற்றுவதற்கும் போகிற ஆள். காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, ஒரு தூக்கம், மறுநாள் வேலை. இந்தத் தடவை அப்படிப் போகவில்லை. உடம்பெல்லாம் முறித்துப் போட்டது மாதிரி வலி, கண்ணுக்குப் பின்னால் வலி. ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்று சொல்லி, திருவள்ளூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மா சந்திரா கூடவே தங்கிவிட்டாள். அண்ணன் அசோக்குமார் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வெளியே திரிந்து எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தான். துர்கா கடை முடிந்ததும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, திருத்தணி மலை இருக்கிற திசையை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் திரும்பி சந்திரா வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கினால் என் பொண்ணு தலைமுடியை உனக்கே கொடுத்துவிடுகிறேன் முருகா. வேண்டியது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை விடியும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்புறம்தான் சொன்னாள்.

வார்டுக்கு வந்த டாக்டர், "காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா இனிமேதான் ஜாக்கிரதையா பாக்கணும். வயிறு வலி, வாந்தின்னா உடனே சொல்லுங்க," என்றார். சந்திரா முதல் பாதியைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டாம் பாதியை அவர் சொல்லும்போது அவள் ஜன்னலுக்குப் போய், அதன் வழியாக மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் துர்கா வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கோதண்டத்தின் நெற்றியில் வைத்தாள்.

"தொட்டுப் பாரு. சில்லுனு கீது பாரு."

"ஆங், கீது. அப்பாடா."

"நாளைக்குக் காலைல மலைக்குப் போயி முடிய எறக்கிட்டு வந்துடலாம். அசோக்க இங்க வுட்டுட்டு நானும் வரேன்."

"எந்த முடிய?"

"உன்னுதுதான். வேண்டிக்கினேன்."

துர்கா அப்பாவின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம நாடகம்மா."

"அதுக்கு?"

"அதுக்கு இன்னா அதுக்கு? முடிய வச்சுதான் நாடகமே. என்ன ஒரு வார்த்த கேக்காம என் முடிய எப்டிம்மா வேண்டிக்குவ?"

"உன் முடியா? நான் பெத்த தலைல மொளச்சதுதானடி அது."

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கோதண்டம் கண்ணைத் திறக்காமலே, "மொட்ட போட்டா இவ இன்னும் நல்லாதான் இருப்பா. காது குத்தும்போது பாத்தனே, தேங்கா மாரி இருந்தா," என்றார்.

"நைனா, நீயுமா?"

"நான் இன்னா சொன்னேன். தேங்கான்னு சொன்னேன்."

துர்கா திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்கே மலைக்குப் போய்விடுகிறேன் என்றாள். சந்திரா ஒத்துக்கொள்ளவில்லை. சாமி தன் வேலையை முடித்துவிட்டது, நாம் நம் வேலையை முடிக்காமல் நாள் கடத்தினால் அது என்ன நியாயம் என்று அவளுக்கு இருந்தது. காய்ச்சல் இறங்கினால் என்றுதான் வேண்டினாள். இறங்கிவிட்டது. இனி ஒவ்வொரு மணி நேரமும் பாக்கி. இதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உன் இஷ்டம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, பிளாஸ்க்கைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு முன்பு, அரக்கோணம் ரோட்டை ஒட்டிய கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் துர்கா படுதா கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா போன் பண்ணினாள்.

"வாந்தி எடுத்துட்டாரு. வயிறு வலிக்குதுன்னு சுருண்டுக்கினாரு. கையி காலெல்லாம் ஜில்லுனு கீதுடி."

"டாக்டர் இன்னா சொல்றாரு? நான் இதோ கெளம்பி வரேம்மா."

"இங்க வந்து நீ இன்னா பண்ணப் போற? இங்க டாக்டருங்க கீறாங்க, நர்ஸுங்க கீறாங்க, உங்க அண்ணன் கீறான். மலைலதான் நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல. அங்க போ. இப்பவே போ."

துர்கா படுதாக் கயிற்றை விட்டுவிட்டு தணிகைமணியிடம் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"போயி எறக்கிட்டு வா. டோப்பா இருக்குது, அம்பது கிளிப்பு போட்டு இறுக்கிடலாம். இல்லன்னா நாடகத்தையே நிறுத்திட்டுப் போறேன், இன்னா இப்போ. டேய் ஹரீஷ், வண்டிய எடு."

அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னது துர்காவுக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. மலைப்பாதையில் ஹரீஷின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போது, காற்றில் அவள் முடி பறந்து பறந்து முகத்தில் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் அதைப் பிடித்து அடக்கினாள். நைனாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே, டோப்பா கழன்று விழுந்தால் குழந்தைகள் எப்படிச் சிரிக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். இரண்டும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் ஓடின. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் ஓடின.

வருஷக் கடைசி என்பதால் மலையில் கூட்டம் நெரிந்தது. முடி இறக்குகிற இடத்தில் ஈரத் தரையெல்லாம் முடி. சின்னக் குழந்தைகள் கத்துகின்றன, அப்பன்மார் அவற்றின் தலையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்கள், மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு பெரியவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாட்டி முதல் பேத்தி வரை வரிசையாக மொட்டை போட்டுக்கொண்டு செல்பி எடுத்தது. துர்காவின் முறை வந்தது. பலகையில் உட்கார்ந்தாள். இறக்குகிறவர் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, அவள் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"நுனில மட்டும் பூ முடியா, முழு மொட்டையா?"

"மொட்ட."

ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பரபரவென்று தேய்த்தார். தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது. அப்போது அவள் மடியில் போன் அடித்தது. அசோக்.

"நைனா உன்கிட்ட பேசணுமாம். இரு, குடுக்கிறேன்."

கோதண்டத்தின் குரல் கணீரென்று கேட்டது.

"இன்னா கண்ணு, நாடகம் எத்தினி மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு நைனா. இப்ப எப்டி கீது?"

"எனக்கு இன்னா. ட்ரிப்ஸு ஏத்தினாங்க, ஜம்முனு கீறேன். கொஞ்சம் மோர் குடுங்கடான்னா தரமாட்றானுங்க. நீ எங்க கீற? ஒரே கொழந்தைங்க அழுவுற சத்தம்."

"மலைல."

"எறக்கிட்டியா?"

"இல்ல. இப்பதான் உக்காந்தேன்."

அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"ஏந்து போ," என்றார் கோதண்டம். "போயி ஆடு. நான் வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் ஒண்ணாப் போலாம். நானும் உன்னோட சேந்து அடிச்சிக்கிறேன். ரெண்டு தேங்காயா வரலாம்."

"அம்மா கத்தும் நைனா."

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஏந்து."

துர்கா எழுந்தாள். கத்தியை எடுத்த கையோடு இறக்குகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? தண்ணி ஊத்தினப்பறம் ஏந்துக்கிற. இப்டி யாரும் பண்ண மாட்டாங்க."

"நாளைக்கோ நாளன்னைக்கோ வரேங்க. எங்க நைனாவோட சேந்து வரேன்."

"வா, வா. அடுத்த ஆளு யாருப்பா?"

வெளியே ஹரீஷ் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சொட்டச் சொட்ட முடியோடு வருகிறவளைப் பார்த்து நேராக நிமிர்ந்தான்.

"என்னாச்சு?"

"நைனாவே போன் பண்ணாரு. நல்லாதான் பேசறாரு. அப்பறம் பாத்துக்கலாம்னுட்டாரு."

"உக்காந்துட்டியா, உக்காரலையா?"

"உக்காந்தேன்."

ஹரீஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "அவரே சொன்னாருன்னா சரி," என்று வண்டியைக் கிளப்பினான். கீழே வருகிறவரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு நிற்காத பையன். துர்கா அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி முடியை உதறி உதறிக் காற்றில் காயவைத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. பாய் போட்ட குடும்பங்கள், பைக்மேல் உட்கார்ந்த குடும்பங்கள், மலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட இரண்டு மூன்று பேர். பஞ்சுமிட்டாய்க்காரன் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான். மணி அடிப்பதற்கு முன்னால் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் போனை அணைத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட வேண்டும், வாளி தணிகைமணி மனைவியிடம் போய்விடும். போன வருஷம் ராஜா செத்து விழுந்த இடத்தில் ராஜாவின் இடுப்பில் போன் அடித்ததிலிருந்து இந்த ஏற்பாடு. துர்கா அசோக்குக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. நல்லா இருக்காரா என்று செய்தி அனுப்பினாள். டிக் விழுந்தது, பதில் வரவில்லை. வாளி வந்தது. போட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவள் ஆடின ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வெகுநாள் பேசினார்கள். அதில் ஒன்றும் மிகை இல்லை. கேன் ராஜாவாக ஹரீஷ் வந்து அதட்டும்போது குழந்தைகள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். ஒரு குட்டிப் பெண் செருப்பைக் கழற்றி வீசினாள், அது ஹரீஷ் மூக்கில் பட்டது. மழைக்காரி வாய் திறக்காமல் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறவளைப் போல, ஆனால் கண் திறந்தபடி. பின்னல் தரையில் பாம்பு மாதிரி கிடந்தது. மூன்று குழந்தைகள் ஏறி வந்தார்கள். கடைசியாக வந்தவன் அன்றைக்குத்தான் மொட்டை போட்ட பையன், தலையெல்லாம் சந்தனம். அவன் பின்னலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது நெஜ முடியா?" என்று ரகசியமாகக் கேட்டான்.

"நெஜம்தான். இழுத்துப் பாரு."

இழுத்தான். மற்ற இருவரும் இழுத்தார்கள். பின்னல் அவிழ அவிழ மைதானமே அமைதியானது. பிறகு தாரை தப்பட்டை வெடித்தது, ஜிகினா கொட்டியது, துர்கா எழுந்து சுழன்றாள். அவள் முடி ஒரு குடை மாதிரி விரிந்து மேடை முழுக்கச் சுற்றியது. கீழே குழந்தைகளெல்லாம் எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நனைந்தார்கள். நிஜமாகவே நனைகிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். துர்கா சிரித்துக்கொண்டே ஆடினாள். தான் யார், அன்றைக்கு என்ன கிழமை என்பதுகூட அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

முடிந்ததும் அம்மாமார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யார் யாரோ முடியைத் தொட்டுப் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தணிகைமணி வந்தார். அவர் கையில் வாளி இல்லை, துர்காவின் போன் மட்டும் இருந்தது. அவர் நடந்து வந்த மாதிரியிலேயே துர்காவுக்குத் தெரிந்துவிட்டது.

தணிகைமணி மனைவிக்குப் போன் போட்டுச் செய்தி சொன்ன அசோக், கோதண்டம் எப்போது போனார் என்பதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ராஜா கேனைத் தூக்கிக்கொண்டு ஓடின நேரமா, செருப்பு பறந்த நேரமா, பின்னல் அவிழ்ந்த நேரமா. கேட்டால் சொல்லிவிடுவான் என்பதால்தான் கேட்கவில்லை.

தணிகைமணியே காரை ஏற்பாடு பண்ணி அவளைத் திருவள்ளூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகத்தில் பூசின நீலச் சாயத்தை வழியெல்லாம் துப்பட்டாவால் துடைத்தும் காதோரத்தில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் சந்திரா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மகளின் கண்ணைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தலையைப் பார்த்தாள்.

"முடி அப்டியே கீது," என்றாள்.

"அம்மா..."

"போவலையா மலைக்கி?"

"போனேம்மா. உக்காந்தேன். நைனாதாம்மா போன் பண்ணி, ஏந்து போயி ஆடுன்னாரு. அப்பறமா எல்லாரும் ஒண்ணாப் போலாம்னாரு."

"அவரா வேண்டிக்கினாரு? நான் வேண்டிக்கினேன்."

அசோக் இடையில் வந்தான். "அம்மா, சும்மா இரு. உள்ளயே ரத்தம் கசிஞ்சிடுச்சு, பிரஷர் எறங்கிடுச்சுன்னு டாக்டரு அவ்ளோ வெவரமா சொன்னாரு. காய்ச்சல் வுட்ட அப்பறம்தான் இதெல்லாம் வருமாம். முடிக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

சந்திரா அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, யாரிடமோ பேசுகிற மாதிரி, "தண்ணி ஊத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ஆங்."

அதற்குப் பிறகு அவள் மகளோடு பேசவில்லை.

மறுநாள் பள்ளிப்பட்டு ரோட்டோரத்தில் இருந்த அவர்கள் தெருவுக்கு உடம்பு வந்தது. மேளம் அடித்தது. பெண்கள் எல்லாரும் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, தோளோடு தோள் கோத்து ஒப்பாரி வைத்தார்கள். யாரோ துர்காவின் கொண்டையையும் அவிழ்த்துவிட்டார்கள். அவள் குனிந்து குனிந்து அழ, முடி முன்னால் விழுந்து தரையைத் தொட்டது. தெருவோரம் அம்மாவின் இடுப்பிலிருந்த ஒரு குழந்தை விரலை நீட்டி, "மா, மழைக்காரி அக்கா," என்றது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். பொத்தினதும் அது அழ ஆரம்பித்தது. தெருமுனையில் நின்ற நாடகக் குழுவினர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில், சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அத்தை சுலோச்சனாவிடம் துர்கா கேட்டாள். சுலோச்சனா கோதண்டத்தின் தங்கை, காரியத்துக்காகத் தங்கியிருந்தவள்.

"அத்த, நாளைக்கு மலைக்குப் போயி முடிய குடுத்துட்டு வந்துடறேன். நீ அம்மாகிட்ட சொல்லு."

சுலோச்சனா கையை முந்தானையில் துடைத்தாள்.

"எப்டிடி போவ? அப்பன் செத்த வீடு. வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறக் கூடாது."

"கோயிலுக்குள்ள போவல அத்த. முடி எறக்குற எடத்துக்கு மட்டும் போறேன்."

"அதுவும் மலைமேலதான கீது. தலதெவசம் முடியட்டும். அப்பறமா போயி குடு. சாமிக்கு இன்னா அவசரம்."

துர்கா வாசலைப் பார்த்தாள். சந்திரா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை.

துர்கா உள்ளே போனாள். அசோக்கின் பையிலிருந்து டிரிம்மரை எடுத்துக்கொண்டு, ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். நெற்றிக்கு மேலே வைத்து பட்டனை அழுத்தினாள். அந்தச் சத்தம் கேட்டதும் சந்திரா எழுந்து வந்தாள். கீரைத் தண்டு ஒன்று இன்னும் விரலிடுக்கில் இருந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்து டிரிம்மரைப் பிடுங்கினாள்.

"தொடாத அத."

அத்தனை நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு.

"என்னால முடியலம்மா. எல்லாரும் பாக்கறாங்க. நீ பாக்கற. அடிச்சிட்டா நிம்மதியா இருக்கும்."

"அதுக்குத்தான் சொல்றேன். இங்க அடிச்சிக்கினு நிம்மதியா தூங்கலாம்னு பாக்கறியா? அது உன்னுது இல்ல. என்னுதும் இல்ல. மலைல கீறவன் எடுத்துக்கிற வரைக்கும் கெடக்கட்டும்."

"அம்மா, நைனா..."

"அவர் பேரச் சொல்லாத. உக்காரு."

துர்கா உட்கார்ந்தாள். சந்திரா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து பின்னால் உட்கார்ந்தாள். உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். சிக்கெடுத்து, நுனிவரை சீவி, இறுக்கிப் பின்னினாள். சீப்பில் வந்த முடியை விரலில் சுருட்டி, தூக்கி எறியாமல், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினாள். அதுவும் கணக்கில் சேர்ந்தது என்கிற மாதிரி.

அன்றிலிருந்து தினமும் காலையில் அப்படித்தான். சந்திரா வயல் வேலைக்குப் போவதற்கு முன்னால் மகளைக் கூப்பிடமாட்டாள், பலகையை மட்டும் தரையில் போடுவாள். துர்கா வந்து உட்காருவாள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று எதுவும் கேட்காத அம்மா, முடி கொட்டுகிறதா, பேன் இருக்கிறதா என்று மட்டும் விரலால் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். கருவேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சினாள். முடி முன்பைவிட அடர்த்தியாகிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு வருகிற பெண்கள், என்ன எண்ணெய் போடுறீங்க என்று கேட்டார்கள்.

மாசி பிறந்தபிறகு ஒருநாள் காலையில் தணிகைமணியும் ஹரீஷும் வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். உள்ளே பலகையில் துர்கா உட்கார்ந்திருந்தாள், பின்னால் அம்மா. தணிகைமணி தயங்கித் தயங்கிப் பேசினார். அம்மையார்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மழைக்காரியைப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள், குழந்தைகள் விடவே மாட்டேன் என்கிறார்கள், ஆனால் துர்காவுக்கு முடியாது என்றால் வேறு பெண்ணை வைத்துப் பார்க்கலாம், டோப்பாவை நன்றாகத் தைத்துவிட்டோம், கட்டாயம் ஒன்றும் இல்லை.

"நான் வரல சார்," என்றாள் துர்கா.

"ஏன் வரமாட்ட?" என்றாள் சந்திரா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சீப்பை மடியில் வைத்தாள். அவிழ்ந்து கிடந்த முடி மொத்தத்தையும் இரண்டு கையிலும் அள்ளி, தராசில் வைத்த மாதிரி வாசல் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"கூட்டினு போங்க சார். முன்னவிட நல்லா வளந்து கீது பாருங்க. நல்லா ஆடுவா. அவங்க நைனாவே ஆடச் சொன்னாரு."

தணிகைமணி அதைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தார். ஹரீஷ், "வரோம்மா," என்று அவர் கையைத் தொட்டான். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற சத்தம் தெருவில் தேய்ந்தது.

சந்திரா முடியை மூன்றாகப் பிரித்து, வேரிலிருந்து இறுக்கினாள். துர்காவின் புருவம் மேலே ஏறியது.

"வலிக்குதும்மா."

அம்மாவின் கை தளரவில்லை. துர்கா தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.